இழவு வீட்டில் மட்டும் சுடும் பெட்டி

பெட்டி சரியாகிவிட்டது என்று சொல்லி தாவீது இரண்டு தடவை அனுப்பிவைத்தார். இரண்டு தடவையும் அது அவர் மானத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர். பெருங்களத்தூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் மோகன்ராஜுடையது. கல்யாணம், காதுகுத்து என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தாலும் மோகன்ராஜுக்குப் பிழைப்பு சாவில்தான். ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, நாற்காலி, பாட்டு செட் எல்லாவற்றையும் ஒரு போனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஐப்பசி இடியில் அந்தப் பெட்டியின் பவர் சப்ளை போய்விட்டது. கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பெட்டியாக இருந்தால் தாங்கியிருக்கும். இது எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக் கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, பெட்டிக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற போர்டு. எடை குறைவு, ரோஷம் அதிகம்.

தாவீதுக்கு ஐம்பத்து நான்கு வயது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகிற தெருவில் வீட்டின் முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு தாம்பரத்தில் ஒரு ரேடியோ கடையில் போய் நின்றவர், நின்றபடியே தொழில் கற்றுக்கொண்டவர். வாய் மட்டும் கடுகடுவென்றிருக்கும். எப்போ ரெடியாகும் என்று கேட்டால், "ஆனா ஆவும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மைக் கீச்சிட்டால், சபைப் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் எழுந்து போய் மிக்ஸரைத் திருகிவிட்டு வருவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் திருகினால் சரியாகத்தான் இருக்கும்.

சூடு பார்ப்பதற்கு அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. விரல்தான். ஆட்காட்டி விரலின் பின்பக்கத்தைப் பார்ட் மேல் வைத்து மெதுவாக மூன்று எண்ணுவார். மூன்று எண்ணுகிறவரை வைத்திருக்க முடிந்தால் அந்தப் பார்ட் பிழைக்கும். ஒன்றிலேயே எடுக்க வேண்டியிருந்தால் சாகும். எத்தனையோ வருஷமாக அந்த விரல் பொய் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு அந்த விரல்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. துணி உறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல இருந்தது எல்லாம். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். இது அதனால்தான் என்று அவருக்குத் தெரியும். மனைவி புஷ்பத்திடம் சொல்லவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள் புஷ்பம். சொன்னால் அன்றைக்கே கடையைச் சாத்திவிடுவாள். கரண்ட்டில் கை வைக்கிற வேலை, உணர்ச்சி இல்லாத கை. அவள் சொல்வதில் தப்பும் இருக்காது. ஆனால் கடையைச் சாத்திவிட்டு அந்த முன்னறையில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்?

இந்த நேரத்தில்தான் மோகன்ராஜின் பெட்டி வந்தது. வெட்டுகிற டிரான்சிஸ்டர் இரண்டையும், அவற்றை ஆட்டிவைக்கிற ஐ.சி.யையும் மாற்றினார். கருகிய போர்டைத் தின்னர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். நேராகக் கரண்ட் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து அடங்கியது. உள்ளே ஷார்ட் இல்லை என்று அர்த்தம். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஹீட்டர் கம்பியை மாட்டி இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். விரல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குளிர்ந்து கிடந்தது.

முடிச்சூரில் ஒரு சாவுக்குப் போன பெட்டி, அரை நாளில் கைவைக்க முடியாத சூட்டில் திரும்பி வந்தது. கடையில் ஓட்டினால் சூடே இல்லை. இன்னொரு செட் டிரான்சிஸ்டர் மாற்றி அனுப்பினார். அடுத்த சாவில் மறுபடியும் அதே கதை. கொண்டுவந்து மேஜைமேல் வைத்து ஓட்டினால், பச்சைப்பிள்ளை தூங்குகிற மாதிரி இருந்தது.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்றார் மோகன்ராஜ்.

"கோச்சுக்குவேன். சொல்லு."

"நடுவுல வண்டலூர்ல ஒரு பர்த்டே ஃபங்ஷன் போட்டேன். நாலு மணி நேரம் குத்துப்பாட்டு. ஒண்ணும் ஆவல. இழவு வூட்டுக்குப் போனா மட்டும் கொதிக்குது. முடிச்சூர்ல செத்தது சின்னப் பையன்ணா. பைக்ல போனவன். அன்னிலேர்ந்துதான் இது."

"செத்தவன் வந்து உன் ஆம்ப்ளிஃபயர்ல குந்திக்கினானா? அவனுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"நீ சிரிப்பண்ணா. பாட்டை நிறுத்தினாகூட அது சூடாவுது. யாருமே கேக்கல, ஒண்ணுமே பாடல, அப்ப யாருக்காவ ஓடிக்கினு கீது அது?"

தாவீது சிரிக்கவில்லை. அவருக்கு இருந்த பயம் வேறு. பெட்டி இழவு வீட்டில் மட்டும் சுடவில்லை, இங்கேயும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது, தனக்குத்தான் தெரியவில்லை என்றால்?

"அடுத்த சாவு எப்போ?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேள்வி எப்படி ஒலித்தது என்று புரிந்தது.

மூன்றாம் நாள் மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் ரிட்டையர்டு டீச்சரம்மா ஒருவர் இறந்துபோனார். காலை பதினோரு மணி, விடாத மழை. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஃப்ரீசர் பாக்ஸை வைத்திருந்தார்கள். வாசலில் தண்ணி லாரி நின்று சம்ப்பில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்குள் கிறிஸ்தவப் பாட்டு ஒன்று சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் செருப்புத் தண்ணீர்.

தாவீது டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்கப் போனார். முகம் தெரியவில்லை. ஈரக் காற்று பட்டு ஃப்ரீசர் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. மகள் ஹெப்சி ஒரு துண்டால் துடைத்தாள். முகம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மறுபடி மங்கியது. ஆள் ஒருவர் குனிந்து ஊதினால் எப்படி மூடுமோ அப்படி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. பக்கத்தில் யாரும் குனிந்திருக்கவில்லை.

அவர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிடம் வந்தார். ஃப்ரீசரின் கம்ப்ரஸர் விடுகிற அனல் இதற்குள் போகிறதோ என்று முதல் சந்தேகம். மோகன்ராஜை விட்டுத் தூக்கித் தூரமாகத் தூண் ஓரத்தில் வைக்கச் சொன்னார். கால் மணி ஆயிற்று, சூடு குறையவில்லை. பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தார். அங்கே வருகிற வோல்ட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார். சத்தமே இல்லாமல், ஃபேன் மட்டும் உர்ரென்று சுற்ற, பெட்டி மேலும் சூடானது.

மோகன்ராஜ் மூடியைத் தொட்டார். "ஷ்ஷ்" என்று கையை உதறினார்.

தாவீது ஆட்காட்டி விரலை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"அண்ணா."

ஆறு. ஏழு. வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எங்கோ அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல ஏதோ ஒன்று இருந்தது, அவ்வளவுதான். எட்டு.

"அண்ணா, கைய எடுண்ணா! இன்னா பண்ற நீ?"

எடுத்தார். துண்டைக் கையில் பிடித்தபடி ஹெப்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன அம்மாவைப் பார்த்ததைவிட அவரைப் பார்ப்பதில் அவளுக்குப் பயம் அதிகமாக இருந்த மாதிரி தெரிந்தது.

"அங்கிள், பாட்டு நிக்கக் கூடாது," என்றாள் கடைசியில். "அடக்கத்துக்கு எடுக்கற வரைக்கும் பாட்டு ஓடணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"ஓடும்மா. வேற செட் கீது," என்று மோகன்ராஜ் வண்டிக்கு ஓடினார்.

தாம்பரம் வருவதற்குள் விரலின் பின்பக்கம் ஒரு கொப்புளம் திராட்சைபோல எழும்பிவிட்டது. தாவீது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வலி இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் புஷ்பம் பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார். இனி விரலை நம்புவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தார். சர்ச்சில் கொடுத்த மெழுகுவர்த்தியில் கொஞ்சம் கிள்ளி, டிரான்சிஸ்டர்களைப் பிடித்திருக்கிற அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டினார். சூடு ஏறினால் அது உருகும். மெழுகுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. வோல்ட் பார்க்கப் பழைய முள் மீட்டரை மாட்டினார். ஐம்பத்தைந்தில் நிற்க வேண்டும். நின்றது.

ஒன்றரை மணி நேரம். மெழுகு அப்படியே இருந்தது. அப்படியென்றால் கடையில் பெட்டி சுடவே இல்லை. விரல் சொன்னது பொய் இல்லை. தாவீதுக்கு எழுந்து டீ போட்டுக் குடிக்க வேண்டும்போல ஆகிவிட்டது. போகுமுன் ஒரு தடவை போர்டை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார்.

ஓரக்கண்ணில் முள் நகர்ந்தது.

ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று.

அவர் நிமிர்ந்தார். முள் மெதுவாக இறங்கி ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. ஒயர் ஏதாவது தளர்ந்திருக்கும் என்று ஆட்டிப் பார்த்தார். இல்லை. மறுபடி குனிந்தார். மறுபடி ஏறியது. பின்னால் போனார், இறங்கியது. அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு மூன்றாவது தடவை முகத்தைக் கொண்டுபோனார். அவர் வருவதை அது பார்த்துக்கொண்டிருப்பதுபோல, முகம் போக முள்ளும் போனது. தெருவில் மழை விட்டிருந்தது. ஆள் அரவம் இல்லை.

"கர்த்தாவே," என்றார் வாய்விட்டு. முள் துள்ளியது.

அந்த முன்னறையில் எத்தனையோ வருஷமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வெளியே ஓட வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். ஓடவில்லை. ஓடினால் திரும்பி உள்ளே வர முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பழைய நோட்டை எடுத்துப் போர்டுக்கு வீசினார். முள் அசையவில்லை. காற்று இல்லை. கையைக் கொண்டுபோனார். அசையவில்லை. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு குனிந்தார். மூக்கு கிட்டத்தட்டப் போர்டைத் தொட்டது. முள் ஐம்பத்தைந்தில் செத்துக் கிடந்தது. அடக்க முடியாமல் மூச்சை விட்டார். அறுபத்திரண்டு.

மூச்சு. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று மூக்கில் கைவைத்துப் பார்ப்பார்களே, அந்த வேலையைப் பெட்டி அவருக்குச் செய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. மூச்சில் என்ன இருக்கிறது? ஈரம். மேடவாக்கத்தில் என்ன இருந்தது? துடைக்கத் துடைக்கக் கண்ணாடியை மூடுகிற ஈரம். மழை, ஃப்ரீசர், தரைத் தண்ணீர். வண்டலூர் பர்த்டேயில் இது எதுவும் இல்லை, கடையிலும் இல்லை. ஃபேன் அதையெல்லாம் இழுத்து நேராகப் போர்டில் அடிக்கிறது. வோல்ட் எவ்வளவு என்று பார்த்து, கூடினால் குறை என்று சொல்லுகிற சின்ன ரெசிஸ்டர்கள் ஃபேனுக்கு எதிரில்தான் இருக்கின்றன. அங்கே ஈரத்தில் கரண்ட் கசிந்தால் அவை தப்புக் கணக்குச் சொல்லும். வோல்ட் ஏறிக்கொண்டே போகும். பாட்டு இல்லாவிட்டாலும் பெட்டி கொதிக்கும். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால், மேடவாக்கத்தில் அத்தனை பேர் நடுவில், கரண்ட்டைச் சேர்த்துவைக்கிற கன்டென்சர் வெடித்திருக்கும்.

சுவிட்சை அணைத்து, கன்டென்சரில் மிச்சமிருந்த கரண்ட்டை இறக்கிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெறும் ஈரத்துக்கு இவ்வளவு கசியாது. ரெசிஸ்டர்களுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு, நத்தை போன தடம்போல ஓடியிருந்தது. ஊசியால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

உப்பு. மஞ்சள்.

பெருங்களத்தூரில் மோகன்ராஜ் வீட்டில் இல்லை. அவர் மனைவி கன்னியம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள்.

"வாங்கண்ணா. பெட்டி சரியாயிடுச்சா?"

"சாவுக்குப் போயிட்டு வர்ற சாமானை இன்னாம்மா பண்ணுவ நீ?"

"இன்னா பண்ணுவேன்? மஞ்சத்தண்ணில உப்பு போட்டு, வேப்பெலையால தெளிச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ள வுடுவேன். தீட்டு இல்லியா? கொழந்தைங்க பொழங்கற எடம்."

"பெட்டி மேல தெளிப்பியா, உள்ள தெளிப்பியா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "மேல தெளிச்சா போதுமாண்ணா? அந்த ஃபேன் ஓட்டை வழியா அந்த வூட்டுக் காத்தைத்தான நாள் பூரா இழுத்துக்கினு கீது. அத்த உள்ள வெச்சிக்கினுதான வூட்டுக்கு வருது. ஓட்டைல ரெண்டு கை ஊத்திட்டு, வெயில்ல காய வெச்சிதான் உள்ள எடுப்பேன்."

தாவீதுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காற்று உள்ளே போகத்தான் போகிறது.

"எத்தினி வருஷமா?"

"செட்டு வாங்கினதிலேர்ந்து. எட்டு வருஷம். அப்பல்லாம் ஒண்ணும் ஆவலியே?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருந்தது. கம்பெனிக்காரன் போர்டின்மேல் வார்னிஷ் பூசி அனுப்பியிருந்தான். எட்டு வருஷம் மஞ்சள் தண்ணீரைத் தாங்கியது அந்த வார்னிஷ்தான். ரிப்பேரின்போது அதைத் தின்னர் போட்டுத் தேய்த்து எடுத்து, தின்னரில் கரையாத பழைய உப்பைப் போர்டிலேயே விட்டவர் தாவீது. திரும்பப் பூசவில்லை. சொல்லாமல் வந்திருக்கலாம். பழியெல்லாம் அவள் தலையில் போயிருக்கும்.

"தப்பு என்னுதும்மா," என்றார். "மேல இருந்த பூச்சை நான் எடுத்துட்டேன். பூசித் தரேன். இனிமே ஓட்டைல ஊத்தாத. துணியை மஞ்சத்தண்ணில நனைச்சிப் புழிஞ்சி வெளில தொடச்சி வுடு."

"அப்ப உள்ள கீற காத்து?"

"வெளிய வெச்சி ரெண்டு மணி நேரம் ஓட வுடு. வாசக் காத்தை இழுத்துக்கட்டும். இருக்கறது போயிடும்," என்றார் தாவீது. அவருக்கே அது சரியாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து போர்டைக் கழுவி, வெயில் இல்லாததால் முடி உலர்த்துகிற மெஷினால் காயவைத்து, வார்னிஷ் பூசினார். அது காய்ந்ததும், ஃபேனுக்கு எதிரில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு ஓட்டினார். முள் ஐம்பத்தைந்தைவிட்டு நகரவில்லை. குனிந்து நன்றாக ஊதினார். நகரவில்லை. ஏனோ அது அவருக்கு நிம்மதியாகவும் இல்லை. அரை நாளாகத் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, கேட்பதை நிறுத்திவிட்டது.

பழக்கதோஷத்தில் விரலைத் தகட்டின்மேல் வைத்தார். கொப்புளம் இல்லாத நடுவிரல். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் தெரியவில்லை. பெட்டி சுடாததால் தெரியவில்லையா, சுட்டும் தெரியவில்லையா? மெழுகு உருகவில்லை என்று கண் சொன்னது. விரல் எதுவுமே சொல்லவில்லை. சுடுவதற்கும் சுடாததற்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்.

கேட் சத்தம் கேட்டது. புஷ்பம் குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"புஷ்பம், இங்க வா. இதுல கை வெச்சுப் பாரு."

"ஷாக் அடிக்கப்போவுது."

"அடிக்காது. வெச்சிப் பாரு. சுடுதா?"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அவளைக் கடைச் சாமான் எதையும் தொடவிட்டதில்லை. புஷ்பம் தயங்கித் தயங்கி உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லுனுதான் இருக்கு. இதுக்கு எதுக்கு நான்? உங்க விரலுக்கு என்ன?" சொல்லிக்கொண்டே பார்த்தாள். கொப்புளத்தைப் பார்த்தாள். "இது எப்போ?"

"நேத்து."

"நேத்து ராத்திரி இந்தக் கையாலதான ரசஞ்சோறு பெசஞ்சி சாப்ட்டீங்க? எரியலையா?"

தாவீது மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ஈஸ்டர்லேர்ந்து."

"மெழுகு வெச்சுப் பாக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு லீவு போடறேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம். கடையைச் சாத்தறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம். வாயைத் தொறக்காதீங்க."

முள் அசையாமல் நின்றது. ஈரத்துணி ஃபேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வெகு நேரமாக அவள் ஒன்றும் பேசாமல் இருக்கிறாளே என்று திரும்பினார். அவள் அவர் வலது கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ. கண்ணால் பார்க்கிறவரை அவருக்கு அது தெரியவில்லை.